பாலிகஞ்ச் ஊஞ்சலும் அஞ்சரை மணி லோக்கலும்

முதலில் நான் செய்தவற்றைச் சொல்லிவிடுகிறேன். அடக்கமாகப் பேசத் தெரிந்தவர்கள் பேசிக்கொள்ளட்டும். எனக்கு அறுபத்தெட்டு ஆகிறது, நேரமில்லை.

தலை நிற்காத பிள்ளை சாய்ந்து உட்காரும் மூலை நாற்காலி, நான் செய்தது. கால் ஊன்றாத பிள்ளையை இடுப்பில் வார் போட்டு நிறுத்தி வைக்கும் பலகை, நான் செய்தது. வயிற்றுக்கு வாகாக அரைவட்டம் வெட்டிய மேசை, மூன்றே படி உள்ள மாடிப்படி, விரல் மடங்காத பிள்ளைக்காக சைக்கிள் டியூப் சுற்றித் தடிமனாக்கிய கரண்டி, எல்லாம் என் கை. நடை பழக இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ளும் கம்பிகள் வாங்க வழியில்லாத வருஷத்தில், துர்கா பூஜை முடிந்து பந்தல் பிரிக்கிறவர்களிடம் கெஞ்சி மூங்கில் வாங்கி வந்து, கணு சீவி, எண்ணெய் தேய்த்து, இரட்டைக் கைப்பிடி போட்டேன். அதைப் பிடித்து முதல் அடி வைத்த பிள்ளைகள் இன்று பஸ்ஸில் ஓடி ஏறுகிறார்கள். இத்தனையும் எட்டாம் வகுப்பு ஃபெயில் ஆன பேச்சிமுத்து செய்தது.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. வளர்ச்சி பின்தங்கிய பிள்ளைகளைப் பார்க்கும் எங்கள் பாலிகஞ்ச் நிலையம் சால்ட் லேக்கில் புதுக் கட்டடத்துக்குப் போகிறது. வாசலில் கல் பதிக்கப் போகிறார்களாம், பெயர்கள் வெட்டி. பயிற்சி கொடுக்க வந்திருக்கும் இளம் பெண்கள் மூன்று பேர் சித்தப்பா முறை வைத்து என்னைப் பிடித்துக்கொண்டு, "காக்கு, பழைய கதையெல்லாம் எழுதுங்க" என்றார்கள். வங்காளத்தில் எனக்குச் சண்டை போட வரும், எழுத வராது. அதனால் நம் தமிழ்ச் சங்கத்து மலரிலேயே எழுதுகிறேன். நம் ஜனங்கள் படிக்க வேண்டிய விஷயமும் இதில் இருக்கிறது.

பழைய கதையைச் சுருக்கிவிடலாம். அப்பா கரக்பூர் ரயில்வேயில் கலாசி. எனக்குப் படிப்பு ஏறவில்லை. கல்கத்தாவில் நாற்காலிக்குப் பாலிஷ் போடும் கடையில் சேர்ந்தேன், பாலிஷிலிருந்து உளிக்குப் போனேன். ஒரு நாள் பாலிகஞ்சில் ஒரு வீட்டுக் கதவு மூடவில்லை, வந்து பார் என்றார்கள். கதவை மூடிவிட்டுக் கிளம்பும்போது, "நாளைக்கும் வா" என்றார் அந்த அம்மாள். இருபத்தாறு வருஷம் போனேன்.

அந்த அம்மாள்தான் எங்கள் டாக்டர் தீதி, டாக்டர் அக்கா. குள்ளம். காட்டன் புடவை. கொண்டையில் எப்போதும் ஒரு பென்சில். அவர் பேனாவில் எழுதி நான் பார்த்ததில்லை. "பிள்ளை மாறும் மிஸ்திரி, நான் எழுதினதும் மாறணும்" என்பார். என்னைப் பெயர் சொல்லி அழைத்ததே இல்லை, மிஸ்திரிதான்.

அவர் பிள்ளையைப் பார்க்கும் விதம் இருக்கிறதே, அதை டிக்கெட் போட்டுக் காட்டலாம். தரையில் பாய் விரித்து உட்காருவார். முதல் பத்து நிமிஷம் பிள்ளையின் பக்கமே திரும்ப மாட்டார். அம்மாவிடம், "என்ன செய்யலைன்னு அப்புறம் சொல்லுங்க. காலையில கண்ணு முழிச்சதும் என்ன செய்யறான், அதுல ஆரம்பிங்க" என்பார். அம்மா சொல்லச் சொல்ல, பிள்ளை தானாக ஊர்ந்து பாய்க்கு வந்துவிடும். அப்போது டிராயரிலிருந்து ஒரு கறுப்பு ஸ்லேட்டை எடுத்து, அதன் மேல் ஒரே ஒரு பொரியை வைப்பார். பிள்ளை உள்ளங்கையால் வாருகிறதா, இரண்டு விரலால் கிள்ளி எடுக்கிறதா என்று பார்ப்பார். பிறகு சிவப்புக் கம்பளிப் பந்தைத் துணிக்கு அடியில் மறைப்பார். பிறகு பின்னால் போய்ப் பெயர் சொல்லி அழைப்பார், இரண்டே தடவை. மூன்றாவது தடவை அழைத்தால் அது நமக்காகத்தானாம்.

எங்கள் நிலையத்தில் ஒரு கெட்ட வார்த்தை உண்டு. 'போகப் போகச் சரியாயிடும்.' வங்காளத்தில் 'டிக் ஹோயே ஜாபே'. யார் வாயிலிருந்து அது வந்தாலும் ஒரு வாரம் முழுதும் எல்லோருக்கும் டீ போட வேண்டும். பெரிய டாக்டராக இருந்தாலும் சரி. "இந்த ஒரு வாக்கியத்தாலதான் பிள்ளைங்க மூணு வயசுல வராம ஆறு வயசுல வராங்க" என்பார் தீதி.

எனக்கும் பாடம் நடந்தது. ஜும்பா என்று ஒரு பெண் குழந்தை. உட்கார வைத்தால் துணி மூட்டை மாதிரி சரியும். நான் அழகான நாற்காலி செய்தேன். தேக்கு, மெழுகுப் பாலிஷ், கைப்பிடியில் மயில்கூட செதுக்கினேன். ஜும்பாவை வைத்ததும் முன்பைவிட மோசமாக ஆடியது. மத்தியானம் தீதி என்னைக் கூப்பிட்டு, சுவரோரம் இருந்த உயரமான ஸ்டூலைக் காட்டி, "ஏறு, அங்க உட்கார்ந்து சாப்பிடு" என்றார். கால் அந்தரத்தில் தொங்க, தட்டு மடியில் வழுக்க, குழம்பு வேட்டியில் வழிய, நான் சாப்பிட்ட அழகைப் பார்த்து ஆயாக்கள் உருண்டு சிரித்தார்கள்.

"கஷ்டமா இருக்கா மிஸ்திரி?"

"கால் வைக்க இடமில்ல தீதி."

"அவளுக்கும்தான்."

அன்று சாயங்காலமே மயில் நாற்காலிக்குக் கால் பலகை அடித்தேன். மறுநாள் ஜும்பா இரண்டு பாதத்தையும் ஊன்றி நிமிர்ந்து உட்கார்ந்து, என் மூக்கைப் பிடித்து இழுத்தது. அதற்கப்புறம் யார் காலையும் தொங்கவிட்டு நான் நாற்காலி செய்ததில்லை. வெளிநாட்டுப் புத்தகங்களிலும் இதுவே போட்டிருக்கிறதாம். அவர்கள் என்னிடம் கேட்டிருக்கலாம்.

இனி பாப்பு கதை. இதுதான் விஷயம்.

துர்கா பூஜை முடிந்த ஒரு வாரத்தில் ஒரு தமிழ் அம்மா வந்தார். பெயர் வித்யா, பேங்க்கில் ஆபீசர். மூன்று தலைமுறையாக இங்கேயே இருக்கும் குடும்பம். கணவர் ரகு, செக்டர் ஃபைவில் கம்ப்யூட்டர் வேலை. மகனுக்கு இரண்டரை வயது. பாப்பு என்று கூப்பிடுவார்கள். ஒரு வார்த்தை பேசவில்லை. காத்திருக்கும் அறையில் பெஞ்சு மேல் பிள்ளை காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து ஆரஞ்சுச் சுளையைத் தோல் உரித்துக்கொண்டிருந்தான். என் பட்டறைக்கும் அந்த அறைக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்புதான். டிரில் மெஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தேன். தமிழ்க் குரல் கேட்டால் எனக்கு இருப்புக் கொள்ளாது.

"என்னம்மா, நம்ம ஊரா?"

"நீங்க தமிழா மிஸ்திரி அண்ணா!" அந்தப் பெண்ணின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். எல்லாவற்றையும் கொட்டினார். வீட்டில் தமிழ், வேலைக்கு வரும் மாஷி வங்காளம், கீழ் வீட்டில் ஹிந்தி, டிவியில் இங்கிலீஷ். "நாலு பாஷையில குழம்பிப்போயிட்டானோன்னு எல்லாரும் சொல்றா. இவர்கூட நாலு வயசுலதான் பேசினாராம். எனக்குத்தான் மனசு கேக்கல."

நான் என்ன செய்திருக்க வேண்டும்? வாயை மூடிக்கொண்டு இழைப்புளியை எடுத்திருக்க வேண்டும். நான் செய்தது இது. தூசி தட்டிக்கொண்டு, பதினெட்டு வருஷ அனுபவசாலியாக நிமிர்ந்து நின்று சொன்னேன்: "எதுக்கும்மா பயப்படுறீங்க? எம்பொண்ணும் அப்படித்தான். கல்கத்தாவுல பொறந்த தமிழ்ப் பிள்ளைங்க எல்லாம் லேட்டாத்தான் பேசும். பாருங்க, எவ்வளவு சாமர்த்தியமா நார் எடுக்கறான்! போகப் போகச் சரியாயிடும்."

அன்று தீதி வர ஒரு மணி நேரம் தாமதம். வித்யா கடிகாரத்தைப் பார்த்தார், பேங்க்குக்கு நேரமாகிவிட்டது என்றார். "ரொம்ப தேங்க்ஸ் அண்ணா, இப்பத்தான் நிம்மதியா இருக்கு" என்று சொல்லிப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். நம் ஜனத்துக்கு நல்ல வார்த்தை சொன்ன பெருமையில் அன்று நான் இரண்டு ரசகுல்லா கூடுதலாகச் சாப்பிட்டேன்.

பெயர் பதிந்துவிட்டுத் திரும்ப வராதவர்களுக்கு எங்கள் தீதி வருஷத்தில் இரண்டு முறை தானே போன் போடுவார், பூஜைக்கு முன் ஒன்று, தை மாசியில் இங்கே வரும் சரஸ்வதி பூஜைக்கு முன் ஒன்று. நாலு மாதம் கழித்து வித்யாவின் முறை வந்தது. நான் அப்போது தீதியின் டிராயருக்குப் பிடி மாட்டிக்கொண்டிருந்தேன். போனில் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தவர் மெல்ல என்னைப் பார்த்தார். ஸ்க்ரூ டிரைவர் கையில் நின்றுவிட்டது.

போனை வைத்தார். "நம்ம மிஸ்திரியே பாஷைக் குழப்பம்தான்னு சொன்னாராம். அதனாலதான் வரலையாம்."

ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தேன்.

"அன்னிக்கு நீ டிரில் ஓட்டினியா?"

"ஓட்டினேன் தீதி."

"மத்த பிள்ளைங்க?"

"ஒண்ணு அழுதுச்சு. ரெண்டு காதைப் பொத்திக்கிச்சு."

"அவன்?"

நினைத்துப் பார்த்தேன். ஆரஞ்சு. கால் தொங்குகிறது. டிரில் அலறுகிறது. நிதானமாக நார் எடுக்கிறான். தலை திரும்பவில்லை, கண் இமைக்கவில்லை. என் பெருமையில் அதைக் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்திருக்கிறேன்.

"காது" என்றேன்.

"எனக்குத் தெரியாது. சோதிச்சாத்தான் தெரியும். ஆனா அப்பா வர மாட்டேங்கறாராம். தூங்க வைக்க மருந்து கொடுத்து எடுக்கற டெஸ்ட்டு, எதுக்குங்கறாராம். பிள்ளைக்கு ரயில் சத்தம் எல்லாருக்கும் முன்னாடி கேக்குதாம்." பென்சிலைக் கொண்டையில் செருகினார். "நாலு மாசம் போயிடுச்சு மிஸ்திரி. இந்த வயசுல நாலு மாசம்னா என்னன்னு உனக்குத் தெரியும். அந்த நாலு மாசத்துக்கும் நீ டீ போடு."

போட்டேன். ஆனால் மறுநாள் சாயங்காலம் டீ கொடுத்த கையோடு அவர்கள் வீட்டுக்குப் போனேன். ரயில் பாதையை ஒட்டிய பழைய கட்டடம், முதல் மாடி. செருப்பை வாசலில் விட்டு உள்ளே போனேன். ரகு நல்ல பையன்தான், பயந்துபோன பையன். பயந்தவர்கள்தான் உரக்கப் பேசுவார்கள்.

"காது கேக்காதா? எங்க பாப்புவுக்கா? அஞ்சரை மணி லோக்கல் வரட்டும், நீங்களே பாருங்கோ."

பாப்பு தரையில் உட்கார்ந்து கிண்ணங்களை அடுக்கிக்கொண்டிருந்தான். திடீரென்று நிமிர்ந்தான், சிரித்தான், கை தட்டினான். எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. அதற்கப்புறம்தான் தூரத்தில் ரயில் ஓசை வந்தது.

"பாத்தேளா!" ரகு என் தோளைத் தட்டினார். "நமக்கு முன்னாடி!"

நானும் ஒரு நொடி அசந்துபோனேன். அப்போது என் உள்ளங்காலில் குறுகுறு என்றது. செருப்பில்லாத கால். ஆயுசு முழுதும் பட்டறையில் நின்ற கால் ஐயா இது! பக்கத்துக் கடையில் வாள் ஓடினால் பாதத்தால் சொல்லுவேன். குனிந்து தரையில் கை வைத்தேன். மொசைக் தரை பூனை மாதிரி உறுமிக்கொண்டிருந்தது.

பிள்ளை ரயிலைக் கேட்கவில்லை. அதன் மேல் உட்கார்ந்திருக்கிறான்.

அதை நான் வாயால் சொல்லவில்லை. வாயால் சொல்லி நான் சாதித்ததைத்தான் பார்த்தீர்களே. கூரையைப் பார்த்தேன். பழைய வீட்டு உத்தரத்தில் தடித்த இரும்புக் கொக்கி ஒன்று சும்மா தொங்கியது. "தம்பி, நாளைக்கு நான் ஒரு சாமான் கொண்டாரேன். பையனுக்குப் பிடிக்கும்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் நிலையத்து ஊஞ்சலைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு போனேன். அகலமான பலகை, நாலு பக்கமும் பருத்திக் கயிறு, என் முடிச்சு. பலகைக்கும் கயிற்றுக்கும் நடுவே ரப்பர் வளையம் கொடுத்திருந்தேன், அதிர்வு ஏறாமல் இருக்க. தீதி வாசல் வரை வந்து கதவைத் திறந்துவிட்டார்.

பாப்புவை ஊஞ்சலில் வைத்ததும் அவன் சிரித்த சிரிப்பில் கீழ் வீட்டுக்காரர்கள் மேலே வந்துவிட்டார்கள். அஞ்சரை மணி லோக்கல் வந்தது. அலமாரிக் கண்ணாடி கிலுகிலுத்தது. டிரைவர் ஹாரன் வேறு அடித்தான். பாப்பு கயிற்று முடிச்சைப் பார்த்துக்கொண்டு ஆடினான்.

"ஆடற குஷியில கவனிக்கல" என்றார் ரகு.

"சரி. நிறுத்திடுவோம்." ஊஞ்சலை நிறுத்தி, கையில் ஒரு பிஸ்கட் கொடுத்தோம். அடுத்த ரயில் வந்தது. பிஸ்கட்டைச் சுற்றிச் சுற்றிக் கடித்தான்.

வித்யா பிள்ளையைத் தூக்கித் தரையில் விட்டார். மூன்றாவது ரயில். எங்களுக்கு முன்னால் பாப்பு கை தட்டினான்.

ரகு எழுந்தார். நேராகப் போய் ஊஞ்சலில் தானே உட்கார்ந்தார், பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டார், இரண்டு காலையும் தரையிலிருந்து தூக்கிக்கொண்டார். அந்த ஊஞ்சல் நான் ஐந்து வயதுப் பிள்ளைக்குக் கணக்குப் போட்டது! ரகுவோ எண்பது கிலோ. உத்தரம் முனகியது. கொக்கி ஒரு பக்கமாகத் திரும்பியது. நான் இருக்கிற சாமியை எல்லாம் கூப்பிட்டேன், தமிழ்ச் சாமி, வங்காளச் சாமி பேதம் பார்க்கவில்லை.

நாலாவது ரயில் வந்தது. தூரத்திலிருந்து பெரிதாகி, ஜன்னலை அடைத்துக்கொண்டு போனது. ரகு தன் மோவாயைப் பிள்ளையின் உச்சந்தலையில் வைத்து, அந்தத் தலை திரும்புமா என்று காத்திருந்தார். திரும்பவில்லை. பாப்பு அப்பாவின் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தான்.

ரயில் போன பிறகும் அவர் காலைக் கீழே வைக்கவில்லை. "வித்யா, டாக்டருக்குப் போன் பண்ணு" என்றார்.

அப்புறம் நடந்தது வேகமாக நடந்தது. டெஸ்ட் எடுத்தார்கள். இரண்டு காதிலும் குறை, ஆனால் காது மெஷின் வைத்தால் கேட்கும் என்றார்கள். மெஷின் வந்த அன்று நிலையத்தில்தான் ஓட்டிப் பார்த்தார்கள். நான் பட்டறையில் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். தீதி தடுப்பைத் தட்டி, "மிஸ்திரி, ஓட்டு" என்றார். டிரில்லை ஓட்டினேன். அந்தப் பக்கம் ஒரு அலறல்! ஓடிப் போய்ப் பார்த்தால் பாப்பு வாயைப் பிளந்துகொண்டு என்னையும் டிரில்லையும் பார்த்து அழுகிறான். வித்யா அழுகிறார், ரகு அழுகிறார், ஆயாக்கள் அழுகிறார்கள். நான் டிரில்லைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு ஆடினேன். பிள்ளை மேலும் அழுதான். மேலும் ஆடினேன். தீதி கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "போதும், இறக்கு. இன்னும் ரெண்டு மாசம் டீ பாக்கி."

உடனே பேசிவிட்டான் என்று நினைக்காதீர்கள். மூன்று வருஷம் பயிற்சி. வித்யா தினமும் பேங்க்கிலிருந்து வந்து, அவனைத் தரையில் எதிரே உட்கார வைத்து, ஒரு கரண்டியைக் காட்டி ஐம்பது தடவை 'கரண்டி' என்பார். 'க' வந்த அன்று எனக்கு முதல் போன். இன்று பாப்பு ஐந்தாம் வகுப்பு. தமிழ், வங்காளம், ஹிந்தி, இங்கிலீஷ் நாலிலும் வாயாடுகிறான். நாலு பாஷை எந்தப் பிள்ளையையும் ஊமையாக்கவில்லை ஐயா. போன பூஜைக்கு வந்தவன் என்னிடம், "தாத்தா, உங்க டிரில் சவுண்ட் இருக்கே, கொடூரம்! எப்படித்தான் சகிச்சுக்கறேளோ" என்றான். என் வாழ்க்கையில் கிடைத்த பட்டம் அது. மற்றவர்கள் சால்வை வைத்துக்கொள்ளட்டும்.

பட்டம் கிடைத்த அன்றும் அந்த நாலு மாதம் நினைவுக்கு வந்தது. இப்போதும் சில சொற்களில் அவன் நாக்கு தடுக்கும். 'ஸ' வராது. அது அந்த நாலு மாதத்தாலா என்று ஒரு நாள் தீதியிடம் கேட்டேன். "தெரியாது மிஸ்திரி" என்றார். அவர் பொய் சொல்ல மாட்டார்.

இனி என் கோரிக்கை. சால்ட் லேக் கட்டடத்துக் கல்லில் டாக்டர்கள் பெயர் இருக்கிறது, கொடையாளிகள் பெயர் இருக்கிறது, திறந்து வைக்கப் போகிறவர் பெயர் எல்லாவற்றையும்விடப் பெரிதாக இருக்கிறது. நகலைப் பார்த்தேன், என் பெயர் இல்லை. விட மாட்டேன். கல்லில் இடமில்லை என்றால் காத்திருக்கும் அறையில் ஒரு பலகை வையுங்கள். நின்று படிக்க யாருக்கும் மனமிருக்காது, பெஞ்சில் உட்கார்ந்தால் கண்ணில் படும் உயரத்தில் வையுங்கள். தமிழிலும் வங்காளத்திலும் எழுதுங்கள்: 'இங்கே உள்ள ஊஞ்சலையும் நாற்காலிகளையும் செய்தவர் பேச்சிமுத்து மிஸ்திரி. இரண்டரை வயதுப் பிள்ளையின் தாயிடம் போகப் போகச் சரியாகிவிடும் என்று சொல்லி, டாக்டரைப் பார்க்காமல் அனுப்பி வைத்தவரும் அவரே.'

இரண்டு வரியும் ஒரே அளவு எழுத்தில் இருக்க வேண்டும். இரண்டாவது வரி வேண்டாம் காக்கு என்று அந்தப் பெண்கள் சொல்கிறார்கள். அப்படியானால் முதல் வரியும் வேண்டாம். இரண்டும் என் வேலைதான். அறையில் உட்கார்ந்திருக்கும் அம்மாவிடம் என்னைப் போல ஒருவன் தடுப்புக்கு மேலே எட்டிப் பார்த்துச் சிரிக்கும்போது, அவர் கண் அந்தப் பலகைக்குப் போகட்டும்.

தேக்குப் பலகை இழைத்து, பாலிஷ் போட்டு, நாலு மூலையிலும் துளை போட்டு வைத்திருக்கிறேன். எழுத்து மட்டும்தான் பாக்கி.